வோல்ட் பொருந்தினால் போதுமா?

சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் கொண்டுவந்த ஜூஸர். அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கிவிட்டு வந்த அம்மா பெட்டியில் அடைத்து எடுத்துவந்த பிளெண்டர். ஜப்பானில் வேலை பார்த்தவர் ஆசையாக வாங்கிவந்த ரைஸ் குக்கர். வந்தவாசியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு பொருளோடு வந்து நிற்கும் வாடிக்கையாளர் புதியவர் அல்ல. கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, இது நூத்திப்பத்து வோல்ட்டாம். ஸ்டெப் டவுன் போட்டா ஓடுமா?"

அதே கடைக்கு ஊருக்கு வெளியே, நெல்வயல்களுக்கு நடுவே இருக்கும் கிராமங்களிலிருந்து வேறொரு கேள்வி வரும்: "ஏழு மணிக்கு மேல ஃபேன் சுத்த மாட்டேங்குது. ஃபிரிட்ஜ் உறுமிக்கிட்டே நிக்குது. எந்த ஸ்டெபிலைசர் வாங்கறது?"

இரண்டுக்கும் கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்து வைப்பது அடிப்படையில் ஒரே கருவி. இரும்புத் தகடுகளின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்த மின்மாற்றி, அதாவது நாம் பேச்சில் சொல்லும் டிரான்ஸ்பார்மர். அது வோல்ட்டை மாற்றித் தரும். ஆனால் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றாது. ஆற்றலைப் புதிதாக உண்டாக்கவும் செய்யாது. முதல் பாதியை எல்லோரும் அறிந்திருக்கிறோம். பின்பாதியை அறியாததால்தான் விலை கொடுத்து வாங்கிய பொருள்கள் புகைந்துபோகின்றன, ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் எரிகிறது, ஸ்டெபிலைசர் வாங்கிய பிறகும் தெருவில் விளக்கு மங்குகிறது.

கருவியின் பிறப்பிலேயே அதன் எல்லையும் தெரிந்துவிட்டது. 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு சுற்றை மின்கலத்தோடு இணைத்த கணத்தில், மறுசுற்றோடு சேர்ந்திருந்த காந்த ஊசி துடித்தது. இணைப்பைத் துண்டித்த கணத்தில் மறுபடி துடித்தது. இடைப்பட்ட நேரத்தில், மின்னோட்டம் சீராகப் பாய்ந்துகொண்டிருந்தபோது, ஊசி அசையவே இல்லை. மின்மாற்றிக்குத் தேவை மின்னோட்டம் மட்டும் அல்ல, மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முழு அலையாக ஏறி இறங்குகிறது. அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். அந்த ஏற்ற இறக்கம் இரும்பில் காந்தப் பாயத்தை ஏற்றி இறக்குகிறது. அந்தப் பாயம் இரண்டாவது சுற்றில் வோல்ட்டை எழுப்புகிறது.

எவ்வளவு வோல்ட் எழும் என்பதைச் சுற்றுகளின் எண்ணிக்கை முடிவுசெய்கிறது. காயில் கட்டுகிறவர்கள் "ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று" என்றுதான் கணக்குப் போடுவார்கள். வோல்ட்டுக்கு இரண்டு சுற்று என்று வைத்தால், 230 வோல்ட் பக்கம் 460 சுற்றுகள், 120 வோல்ட் பக்கம் 240 சுற்றுகள். இடம் மாற்றி இணைத்தால் அதுவே ஸ்டெப் அப். நடுவில் இருக்கும் இரும்பு ஒரே கட்டியாக இருந்தால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் எழுந்து சூடேறிவிடும். அதனால் சிலிக்கன் கலந்த எஃகை அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமன் உள்ள தகடுகளாக வெட்டி, ஒன்றோடொன்று மின்தொடர்பு இல்லாதபடி அடுக்குகிறார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மரின் அருகில் கேட்கும் ரீங்காரம் இந்தத் தகடுகள் காந்தத்தால் மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால் வருவது. அலையின் மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் ஒருமுறை நீளுவதால் அந்த ஒலியின் அதிர்வெண் 50 அல்ல, 100.

ஆரணி, வந்தவாசிப் பக்கம் நெல்லோடு பழகியவர்களுக்கு ஆற்றல் கணக்கை எளிதில் சொல்லலாம். களத்தில் கிடக்கும் குவியலைப் படியால் அளந்தாலும் மரக்காலால் அளந்தாலும் நெல் கூடுவதில்லை; எண்ணிக்கைதான் மாறும். 120 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுக்கும் கருவி 720 வாட்டை உண்கிறது. மின்மாற்றி அதை 230 வோல்ட் வயரிலிருந்து 3 ஆம்பியருக்குச் சற்று மேலாக இழுத்துத் தருகிறது. வோல்ட் பாதியானால் ஆம்பியர் இரட்டிப்பாகும். இரண்டின் பெருக்கற்பலன் கூடாது. செம்பிலும் இரும்பிலும் சூடாகிப் போகும் சிறு பகுதி அளவுக்குக் குறையத்தான் செய்யும்.

உலகம் ஏன் இரண்டு வோல்ட்டாகப் பிரிந்து நிற்கிறது? எடிசன் 1882இல் நியூயார்க் பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையம் 110 வோல்ட் நேர்மின்சாரம் தந்தது. அக்காலத்துக் கரியிழை விளக்குகளுக்கு அந்த அளவு ஒத்துப்போனது. விளக்குகளும் கருவிகளும் இலட்சக்கணக்கில் வீடுகளுக்குள் போய்விட்ட பிறகு அமெரிக்காவால் அதை விட்டு விலக முடியவில்லை. பெர்லின் மின்நிறுவனம் 1899இல் 220 வோல்ட்டுக்கு மாறியது. வோல்ட்டை இரட்டித்தால் அதே வாட்டுக்குப் பாதி மின்னோட்டம் போதும், வயரில் சூடாக வீணாவது கால் பங்காகக் குறையும், செம்பு மிச்சமாகும். ஐரோப்பா அந்த வழியில் போனது. பிரிட்டன் வழியாக நமக்கும் அதுவே வந்தது. இந்தியாவில் இன்று அறிவிக்கப்பட்ட அளவு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், துபாய், கத்தார், குவைத், ஓமன் எல்லாம் இந்த அளவில் நமக்கு மிக அருகில்தான் இருக்கின்றன. அங்கிருந்து வரும் பொருளுக்கு பிளக் மாற்றினாலே போதும், டிரான்ஸ்பார்மர் வேண்டாம்.

சவுதியின் கதை வேறு. அங்கே நெடுங்காலமாக வீட்டு பிளக்கில் 127 வோல்ட், ஏசி போன்ற பெரிய கருவிக்கு 220 வோல்ட், இரண்டுமே 60 ஹெர்ட்ஸ். 2010இல் எடுத்த முடிவின்படி வோல்ட் படிப்படியாக 230க்கு மாறிவருகிறது. 60 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட்; அதிர்வெண்ணோ ஒரே நாட்டுக்குள் இரண்டு. 1895இல் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டரை வாங்கியது. மறு ஆண்டு ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டரை வாங்கியது. அந்தப் பிரிவு இன்றும் நீடிக்கிறது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமாவைத் தாக்கி, கிழக்கு ஜப்பான் மின்சாரமின்றித் தவித்தபோது மேற்கிலிருந்து கொடுக்க முடிந்தது ஏறக்குறைய 1,000 மெகாவாட் மட்டுமே. இரண்டு அதிர்வெண்களை இணைக்கும் மாற்று நிலையங்களின் அப்போதைய கொள்ளளவு அவ்வளவுதான். வோல்ட்டை மாற்ற இரும்பும் செம்பும் போதும். அதிர்வெண்ணை மாற்ற மின்சாரத்தை ஒருமுறை நேர்மின்சாரமாக்கி, மறுபடி புது அலையாக வெட்டி அமைக்க வேண்டும். ஒரு நாட்டுக்கே இது இத்தனை பெரிய தடை என்றால், கடையில் வாங்கும் பெட்டி அதைச் செய்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கக்கூடாது.

எனவே ஊருக்கு வந்திறங்கிய பொருளைப் பிளக்கில் செருகுவதற்கு முன் அதன் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சிறு தகட்டைப் படிக்க வேண்டும். அதில் மூன்று எண்கள் இருக்கும்: வோல்ட், ஹெர்ட்ஸ், வாட். பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்.

செல்போன் சார்ஜர், மடிக்கணினியின் அடாப்டர், அண்மைக்காலத் தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவை எல்லாம் "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று எழுதியே வரும். இவற்றுக்கு எதுவும் தேவையில்லை. காரணம் அழகானது. உள்ளே இருக்கும் சுற்று முதலில் 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்குகிறது. அலையின் உச்சம் 325 வோல்ட் என்பதால் ஏறக்குறைய அந்த அளவு கிடைக்கும். பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒரு சின்னஞ்சிறு மின்மாற்றிக்குள் செலுத்துகிறது. அதிர்வெண் ஏற ஏற அதே வேலைக்குத் தேவைப்படும் இரும்பும் சுற்றும் குறையும். பழைய டேப் ரெக்கார்டரின் கனமான அடாப்டர் செய்த வேலையைவிட அதிக வேலையை இன்றைய உள்ளங்கைச் சார்ஜர் செய்வது இதனால்தான். மின்மாற்றி மறைந்துவிடவில்லை, சுருங்கி உள்ளே போயிருக்கிறது.

சூடேற்றும் கருவிகளுக்கு அதிர்வெண் ஒரு பொருட்டே அல்ல, வோல்ட்தான் எல்லாம். அதிலும் வோல்ட்டின் வர்க்கம். 120 வோல்ட்டில் 1,000 வாட் எடுக்கும் இஸ்திரிப்பெட்டியை நேராக 230இல் செருகினால் அது ஏறத்தாழ 3,700 வாட் இழுக்கும். சில நொடிகளில் இழை அறுந்துவிடும், அல்லது துணி பற்றிக்கொள்ளும். நம் ஊர் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் 272 வாட்தான் கிடைக்கும்; சுருக்கம் போகாது. ஜப்பான் குக்கரிலும் கவனம் வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 110 அல்லது 120 வோல்ட் ஸ்டெப் டவுனில் அதைப் போடுகிறார்கள். 100 வோல்ட் இழையில் 120 வோல்ட் போனால் சூடு 44 விழுக்காடு கூடும். சரியாக 100 வோல்ட் தரும் மின்மாற்றியைக் கேட்டு வாங்க வேண்டும்.

மோட்டார் உள்ள கருவிகளில்தான் சிக்கல் ஆழமாகிறது. மிக்சி, பிளெண்டர், கையால் பிடித்து ஓட்டும் டிரில் எல்லாவற்றிலும் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் இருக்கும். அதன் வேகம் அதிர்வெண்ணைச் சார்ந்தது அல்ல. வோல்ட்டைச் சரியாகக் கொடுத்தால் 50 ஹெர்ட்ஸிலும் 60 ஹெர்ட்ஸிலும் ஓடும். ஆக, அமெரிக்க பிளெண்டருக்கு ஸ்டெப் டவுன் போட்டால் வந்தவாசியில் தேங்காய்ச் சட்னி அரைக்கலாம். நம் மிக்சிக்கு ஸ்டெப் அப் போட்டால் நியூஜெர்சியில் அரைக்கலாம்.

வெட் கிரைண்டர் அப்படியல்ல. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய அந்தக் கருவி, தமிழர் போன இடமெல்லாம் பின்தொடர்ந்து போயிருக்கிறது. அதற்குள் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தை அதிர்வெண்தான் ஆள்கிறது. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 1,440 முறை சுழலும் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் 1,700ஐத் தாண்டும். வேகம் 20 விழுக்காடு கூடுகிறது, இழுவையோ குறைகிறது. கெட்டியான உளுந்து மாவோடு தொடங்கும்போது கல் நகராமல் நின்று மோட்டார் சூடாகலாம். அமெரிக்காவுக்குக் கிரைண்டர் வாங்கிப்போக நினைப்பவர்களுக்கு என் கருத்து இதுதான்: ஊர்க் கிரைண்டரையும் கனமான ஸ்டெப் அப் பெட்டியையும் சுமந்து போகாதீர்கள். நம் நிறுவனங்களே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு மிக்சியும் கிரைண்டரும் செய்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

எதிர்த்திசையில் வரும் பொருளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இரும்புக்குள் எழும் காந்தப் பாயம், வோல்ட்டை அதிர்வெண்ணால் வகுத்தால் வரும் ஈவைப் பொறுத்தது. 120ஐ 60ஆல் வகுத்தால் 2. நம் ஊரில் ஸ்டெப் டவுன் போட்டு அதே 120 வோல்ட்டைத் தந்தாலும் அதிர்வெண் 50 என்பதால் ஈவு 2.4 ஆகிறது. 20 விழுக்காடு கூடுதல் பாயம். செலவைக் குறைக்க இரும்பை எல்லைக்கு அருகிலேயே வேலை வாங்கும்படி மோட்டார்களை வடிவமைக்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் இரும்பு நிறைவடைந்துவிடும். அதன்பின் காந்தமாக்கவே பல மடங்கு மின்னோட்டம் வீணாக ஓடி, காயில் கருகும். வோல்ட் மீட்டர் 120 என்று சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். அமெரிக்க மைக்ரோவேவ் அடுப்புக்கும் இதே கதிதான். உள்ளிருக்கும் பெரிய மின்மாற்றி 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்தது. பழைய மேசைக் கடிகாரங்களில் சில மின்சார அலையை எண்ணியே நேரம் காட்டும். அவை இங்கே எரியாது. மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

60 ஹெர்ட்ஸ் இண்டக்‌ஷன் மோட்டார் உள்ள பொருளை இங்கே ஓட்டியே தீர வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. 120க்குப் பதில் 100 வோல்ட் கொடுக்க வேண்டும். 100ஐ 50ஆல் வகுத்தால் மறுபடி 2. இரும்பு நிம்மதியாக இருக்கும். வேகமும் திறனும் ஆறில் ஒரு பங்கு குறையும், உள்ளே காற்றடிக்கும் விசிறியும் மெதுவாகும். விட்டுவிட்டு ஓடும் கருவிக்கு இது சரிப்படும். நாள் முழுதும் ஓடும் ஃபிரிட்ஜை அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

பெட்டியின் அளவைப் பற்றியும் ஒரு சொல். கருவியின் வாட்டும் மின்மாற்றியின் வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) எண்ணும் சமமாக இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். மிக்சிக்கும் பிளெண்டருக்கும் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு, இண்டக்‌ஷன் மோட்டாருக்கு மூன்று மடங்கு என்று வைத்து வாங்குவது நல்லது. 1,500 வாட் பிளெண்டருக்கு வேண்டிய பெட்டி பத்து கிலோவைத் தாண்டும். அவ்வளவு எடை இல்லாமல் "2,000 வாட்" என்று எழுதி, சட்டைப்பையில் அடங்குகிற அளவில் விற்கப்படும் டிராவல் கன்வெர்ட்டர்களில் பலவற்றில் மின்மாற்றியே கிடையாது. அவை அலையைத் துண்டாக்கிச் சராசரியைக் குறைப்பவை. சாதாரண சூடேற்றும் இழைக்கு மட்டும் சிறிது நேரம் உதவும். மோட்டாரையும் மின்னணுக் கருவியையும் அவை கெடுத்துவிடும்.

இன்னொன்று, உயிரைப் பற்றியது. விலை குறைந்த ஸ்டெப் டவுன் பெட்டிகள் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர்கள். அவற்றில் இரண்டு தனிச் சுற்றுகள் இல்லை. ஒரே சுற்றின் நடுவில் ஒரு முனையை வெளியே எடுத்திருப்பார்கள். 230ஐ 115 ஆக்க இந்த முறையில் பாதி இரும்பும் செம்பும் போதும். எடையும் விலையும் குறைவது உண்மை. ஆனால் வீட்டு வயருக்கும் கருவிக்கும் இடையே நேரடித் தொடர்பு இருக்கிறது. பொதுவான பக்கத்துச் சுற்று அறுந்தால் முழு 230 வோல்ட்டும் 120 வோல்ட் கருவியின் மேல் பாயும். அமெரிக்கக் கருவிகள் பலவற்றில் எர்த் பின் இல்லாத தட்டையான இரு பின் பிளக்தான் இருக்கும். ஈரக் கையோடு சமையலறையில் புழங்கும் பொருளுக்கு இரண்டு சுற்றுகளும் தனியாக உள்ள மின்மாற்றியை வாங்குங்கள், அதன் உடலுக்கு எர்த் கொடுங்கள், வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. வையுங்கள். வேலை முடிந்ததும் பெட்டியை பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சும்மா இருக்கும்போதும் இரும்பைக் காந்தமாக்க அது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும்.

இனி அந்தக் கிராமத்து ஃபிரிட்ஜ். வெளிநாட்டுப் பொருள் எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை. லோ வோல்டேஜ் ஒரு தெருவையே பிடிக்கும். தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மர், ஊரின் மேல்நிலை மின்கம்பியில் வரும் 11,000 அல்லது 22,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. அது இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள அளவு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250. வழியில் இருபது வோல்ட் குறைந்து வீட்டுக்கு 230 வரட்டும் என்ற கணக்கில் செய்த ஏற்பாடு. டிரான்ஸ்பார்மருக்கு அருகில் இருக்கும் வீட்டுக்குச் சற்று மிகையாகவும், கம்பி முடியும் கடைக்கோடி வீட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் இந்த வேறுபாட்டுக்கு ஆறு விழுக்காடு எல்லை வைத்தன. 230 என்றால் 216இலிருந்து 244 வரை.

வந்தவாசியைச் சுற்றி நெல்லும் மணிலாவும் கிணற்றுப் பாசனத்தில் விளைகின்றன. பம்புசெட் மோட்டார்கள், அரிசி ஆலைகள், மோட்டாரில் ஓடும் கோரைப்பாய்த் தறிகள், ஆரணிப் பக்கம் பட்டு நெசவாளர் வீடுகளில் தார் சுற்றும் சிறு மோட்டார்கள் என்று சுமை பல திசைகளில் கிளை விரித்துள்ளது. நீண்ட மெல்லிய கம்பியில் மின்னோட்டம் கூடினால் வோல்ட் விழும். போக வர ஒரு ஓம் தடை உள்ள கம்பியில் 20 ஆம்பியர் ஓடினாலே 20 வோல்ட் வழியில் போய்விடும்.

180 வோல்ட்டில் விளக்கு மங்குவது கண்ணுக்குத் தெரியும். மோட்டாருக்கு நேர்வது தெரியாது. இண்டக்‌ஷன் மோட்டாரின் திருப்புவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230இல் நூறு பங்கு இருந்த விசை 180இல் 61 பங்காகிவிடும். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் உறுமுகிறது. நின்றபடியே பல மடங்கு மின்னோட்டம் இழுக்கிறது. ஓவர்லோடு காப்பு அதைத் துண்டிக்கிறது, சிறிது நேரத்தில் மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு முயற்சியிலும் காயிலின் வார்னிஷ் கொஞ்சம் வேகும். பம்புசெட் மோட்டாருக்கும் இதே கதைதான். காயில் கட்டும் கடைகளுக்கு வந்துசேரும் மோட்டார்களில் பலவற்றைக் கொன்றது இந்தக் குறைந்த வோல்ட்.

ஸ்டெபிலைசர் என்பது ஓர் ஆட்டோ டிரான்ஸ்பார்மரும் சில ரிலேக்களும் சேர்ந்தது. வரும் வோல்ட்டை அளந்து, அதற்கேற்ற முனையை ரிலே தேர்ந்தெடுக்கும். நாம் கேட்கும் 'டக்' ஒலி அதுதான். 180ஐ 220 ஆக்க வேண்டுமென்றால் அது சேர்க்க வேண்டியது 40 வோல்ட் மட்டுமே என்பதால் மின்மாற்றியின் வேலை மொத்தச் சுமையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டி சிறிதாகவும் மலிவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். ஒரு வீட்டுக்கு இது நல்ல கருவி. வோல்ட் மீண்டதும் உடனே இணைக்காமல் சில நிமிடம் காத்திருக்கும் வகையை வாங்கினால் கம்ப்ரஸருக்கு இன்னும் நல்லது. புதிய இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜ், ஏசிகள் பரந்த வோல்ட் எல்லையைத் தாமே தாங்கும். எந்த அளவு வரை என்று அவற்றின் தகட்டில் பார்த்துக்கொண்டு, தேவையில்லையென்றால் ஸ்டெபிலைசர் வாங்காதீர்கள்.

நான் வருந்திச் சொல்ல விரும்புவது தெருவைப் பற்றி. 230 வோல்ட்டில் 920 வாட் எடுக்கும் ஒரு சூடேற்றும் கருவி, 180 வோல்ட்டில் 3.1 ஆம்பியர்தான் இழுக்கும். வோல்ட்டோடு சேர்ந்து அதன் பசியும் அடங்கிவிடும். ஸ்டெபிலைசரோடு அதை இணைத்தால் முழு 920 வாட் கிடைக்கும். அந்த 920 வாட்டை 180 வோல்ட் கம்பியிலிருந்து எடுக்க 5.1 ஆம்பியர் வேண்டும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் மின்னோட்டம் அதே மெல்லிய கம்பியில் ஓடுகிறது. கம்பியில் வோல்ட் இன்னும் விழுகிறது. பக்கத்து வீட்டில் 180 இருந்தது 175 ஆகிறது. அவரும் ஸ்டெபிலைசர் வாங்குகிறார். பத்து வீடுகள் வாங்கியபின், வாங்க வசதியில்லாத பதினோராவது வீட்டுப் பிள்ளை மங்கிய விளக்கில் படிக்கிறது. ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. தெருவுக்கு வந்ததில் நம் பங்கைச் சற்றுக் கூடுதலாக இழுத்துத் தருகிறது. தனித்தனியாக வாங்கித் தீரக்கூடிய குறை அல்ல இது.

தீர்வுகள் மின்பொறியாளர்கள் அறியாதவை அல்ல. ஒரே ஃபேஸில் குவிந்துகிடக்கும் வீடுகளை மூன்று ஃபேஸுக்கும் பங்கிடுவது செலவில்லாத முதல் வேலை. பம்புசெட் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் வைத்தால் கம்பியில் வீணாக ஓடும் மின்னோட்டம் குறைந்து வோல்ட் ஏறும். இதை விவசாயிகளே செய்யலாம். தேய்ந்த கம்பியைத் தடித்ததாக மாற்றலாம். எல்லாவற்றிலும் சிறந்தது, ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரிலிருந்து நீளமாகக் கம்பி இழுப்பதை விட்டு, உயர் அழுத்தக் கம்பியையே ஊருக்குள் கொண்டுபோய்ச் சுமைக்கு அருகில் சிறு டிரான்ஸ்பார்மர்களாக நிறுத்துவது. உயர் அழுத்தத்தில் மின்னோட்டம் குறைவு என்பதால் வழி இழப்பும் குறைவு. 1899இல் பெர்லின் கண்ட அதே கணக்கு.

ஒன்றை மட்டும் தாமதிக்கக் கூடாது. வோல்ட் ஒரே மாலையில் 150க்கும் 300க்கும் இடையே தாவினால், ஒரு வீட்டில் விளக்கு மங்கும்போது அடுத்த வீட்டில் பளிச்சென்று எரிந்தால், அது லோ வோல்டேஜ் அல்ல; நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. எந்த ஸ்டெபிலைசரும் இதைத் தாங்காது. மெயினை அணைத்துவிட்டு உடனே லைன்மேனை அழைக்க வேண்டும்.

மற்றபடி, ஒரு சாதாரண மல்டிமீட்டரால் காலையிலும் பிற்பகலிலும் இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள்ளும் ஒரு வாரம் வோல்ட்டை அளந்து நேரத்தோடு எழுதி வையுங்கள். பழக்கமில்லையென்றால் தெரு எலெக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கோடி வீட்டையும் டிரான்ஸ்பார்மர் அருகில் உள்ள வீட்டையும் ஒரே நேரத்தில் அளந்தால் குறை கம்பியிலா டிரான்ஸ்பார்மரிலா என்பதும் விளங்கிவிடும். 216க்குக் கீழே தொடர்ந்து காட்டினால் அந்தத் தாளோடு, தெருவில் உள்ள எல்லார் கையெழுத்தோடும், பிரிவு மின் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மின்வாரியம் 2021இல் தொடங்கிய மின்னகம் சேவை மையத்திலும் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புது ஸ்டெபிலைசருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தை எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.